அண்டை நாடுகளின் வீட்டுவசதியை ஒப்பிடுவது எப்படி?

அயர்லாந்தில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு மின் இணைப்பு கொடுக்கப்பட்டால், ஒரு புதிய வீடு கட்டி முடிந்துவிட்டதாகக் கணக்கில் ஏறும். வீடுகள் மளமளவென்று எழும்பிய ஆண்டுகளில் இந்தக் குறுக்குவழியால் பெரிய பிழை நேரவில்லை. 2008-க்குப் பிறகு கட்டுமானத் தொழில் படுத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த பழைய வீட்டுக்கு மின்சாரம் திரும்பினாலும், பாதியில் கைவிடப்பட்ட குடியிருப்பில் முன்பே கட்டப்பட்டிருந்த வீட்டுக்கு இணைப்பு கிடைத்தாலும், அவையும் புதிய வீடுகளாகவே எண்ணப்பட்டன. 2018-இல் அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் புதிய முறையில் எண்ணி வெளியிட்டபோது, 2011 முதல் 2017 வரையிலான இணைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை புதிய வீடுகளே அல்ல என்று தெரியவந்தது. அதுவரை அயர்லாந்தையும் பிரிட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் அட்டவணை போட்டிருந்தாலும், ஒரு பக்கம் மின்மானிகளையும் மறுபக்கம் வீடுகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்டை நாடுகளை ஒப்பிடும்போது இந்த ஆபத்து கூடுதலாக இருக்கிறது. தொலைவில் உள்ள இரண்டு நாடுகள் என்றால் அளவுகோல்கள் வேறுபடும் என்று நாமே எச்சரிக்கையாக இருப்போம். ஒரே மொழி, ஒரே மாதிரியான சட்டம், ஒரே கட்டுமான நிறுவனங்கள் உள்ள இரு நாடுகளில் “கட்டி முடிக்கப்பட்ட வீடு”, “காலி வீடு”, “வருமானம்” என்ற சொற்கள் ஒரே பொருளைத்தான் குறிக்கும் என்று நம்பிவிடுகிறோம். என் அனுபவத்தில், இரு அண்டை நாடுகளுக்கு இடையே முதல் பார்வையில் தெரியும் இடைவெளியில் பெரும்பங்கு எண்ணும் முறையால் வருவது. அதை உரித்தெடுத்த பிறகு எஞ்சுவது எதுவோ, அதைப் பற்றித்தான் பேசத் தகும். கீழே சொல்லப்படும் முறை முழுவதும் அந்த உரித்தெடுக்கும் வேலைதான்.

யாருக்காக, எந்த நிலப்பரப்புக்காக

வேலையைத் தொடங்கும் முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். “எந்த நாட்டில் வீடு மலிவு?” என்பது கேள்வியே ஆகாது. முதல் வீடு வாங்கப்போகும் முப்பது வயதுக்காரருக்கும், இருபது ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிக் கடனை அடைத்துவிட்டவருக்கும், பழைய ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவருக்கும், இன்று புதிதாக வாடகை வீடு தேடுபவருக்கும் ஒரே நாட்டிலேயே நான்கு விதமான விடைகள் கிடைக்கும். விலை உயர்வு இவர்களில் ஒருவருக்குச் சுமை, இன்னொருவருக்குச் சொத்து. நால்வரையும் ஒரே சராசரியில் கரைத்துவிட்டால் யாருடைய நிலையும் தெரியாது.

நிலப்பரப்பையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனை எடுத்துக்கொண்டால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் வீட்டுவசதிக்குத் தனித்தனிக் கொள்கை வைத்திருக்கின்றன. புள்ளிவிவரமும் தனித்தனியாகவே வருகிறது. “பிரிட்டனில்” என்று தொடங்கி இங்கிலாந்தின் எண்ணைப் போடும் பிழையை நாளேடுகளில் அடிக்கடி பார்க்கலாம். அதேபோல், ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் ஒரே மாநகரில் வாழும்போது, அந்நாட்டின் தேசியச் சராசரியைப் பரந்து கிடக்கும் இன்னொரு நாட்டின் தேசியச் சராசரியோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. தலைநகரைத் தலைநகரோடும், நாட்டை நாட்டோடும் வைத்து இரண்டு முறை கணக்குப் போடுவது நல்லது.

வீடு எப்போது வீடாகிறது

வழங்கலை அளக்க நான்கு இடங்களில் எண்ணலாம்: அனுமதி தரும்போது, வேலை தொடங்கும்போது, கட்டி முடிக்கும்போது, ஆண்டு முடிவில் மொத்த இருப்பில் எவ்வளவு கூடியது என்று பார்க்கும்போது. நான்கும் வெவ்வேறு எண்கள். ஒரு நாட்டின் அனுமதியை மற்ற நாட்டின் நிறைவோடு ஒப்பிட்டால், அனுமதி வாங்கிவிட்டுக் கட்டாமலே விடப்பட்ட திட்டங்கள் எல்லாம் முதல் நாட்டுக்குச் சாதகமாகச் சேர்ந்துவிடும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. கட்டுமானத் தொடக்கம் என்றால் அமெரிக்காவில் அடித்தளத்துக்காக மண் தோண்டத் தொடங்கும் நேரம். கனடாவில் பொதுவாகக் கட்டடத்தைச் சுற்றி அடித்தளக் கான்கிரீட் முழுவதும் ஊற்றப்பட்ட நேரம். தனி வீட்டுக்கு இந்த வேறுபாடு சில வாரங்கள்தான். ஆழமான நிலத்தடி வாகன நிறுத்தத்தோடு எழும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அது பல மாதங்களாக நீளலாம். அமெரிக்காவில் அடுக்குமாடிக்கு மண் தோண்டத் தொடங்கியதும் அதில் வரப்போகும் எல்லா வீடுகளும் ஒரே மாதத்தில் “தொடங்கப்பட்டவை” ஆகிவிடுகின்றன. ஆகவே இரு நாடுகளின் மாத எண்களை ஒப்பிடாமல், குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பழைய அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இத்தகைய அட்டவணையைத் தயாரித்தபோது, அமெரிக்காவின் மாதாந்திரத் தொடக்க எண்ணை 12-ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கினேன். அந்த எண் பருவகாலத் திருத்தம் செய்து, ஆண்டு வேகத்தில் முன்பே மாற்றி வெளியிடப்படுவது என்பதை அடிக்குறிப்பில் பார்க்கவில்லை. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே ஆண்டில் கட்டும் நாடு ஒன்று என் அட்டவணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. அன்று முதல், எந்த எண்ணையும் மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்காமல் அட்டவணையில் ஏற்றுவதில்லை. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து வீடுகள் என்பது சுறுசுறுப்பாகக் கட்டும் நாட்டின் வேகம்; அதைத் தாண்டி எங்கோ போனால் நம் கணக்கில்தான் கோளாறு.

இயன்றவரை இருப்பின் நிகரக் கூடுதலைப் பயன்படுத்துங்கள். இங்கிலாந்தில் அலுவலகக் கட்டடங்கள் குடியிருப்புகளாக மாறுவதும், பெரிய வீடு இரண்டாகப் பிரிவதும், இடிக்கப்படும் வீடுகளும் நிகரக் கணக்கில் மட்டுமே தெரியும். புதுக் கட்டுமான எண்ணில் தெரியாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

அயர்லாந்தையும், இங்கிலாந்து–வேல்ஸ் இரண்டையும் சேர்த்து ஒரு தொகுதியாகவும் எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்திலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருப்பதால் இவை நல்ல எடுத்துக்காட்டு.

2022 ஏப்ரலில் அயர்லாந்தின் மக்கள்தொகை 51,49,139; வீடுகள் 21,12,121. ஆயிரம் பேருக்கு 410 வீடுகள். 2021 மார்ச்சில் இங்கிலாந்து–வேல்ஸில் 5.96 கோடி மக்களும் 2.64 கோடி வீடுகளும் இருந்தன. ஆயிரம் பேருக்கு 443. வேறுபாடு 33 வீடுகள். பெரும்பாலான ஒப்பீடுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

இனி ஆளில்லாத வீடுகளைக் கழிப்போம். அயர்லாந்தில் காலி வீடுகள் 1,66,752. விடுமுறை வீடுகள் 66,000-க்கு மேல். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.3 லட்சம், அதாவது இருப்பில் 11 விழுக்காடு. இங்கிலாந்து–வேல்ஸில் நிரந்தரக் குடியிருப்போர் இல்லாத வீடுகள் 16 லட்சம், அதாவது 6 விழுக்காடு; இதில் இரண்டாம் வீடுகளும் அடக்கம் என்பதால்தான் அயர்லாந்தின் பக்கத்திலும் விடுமுறை வீடுகளைச் சேர்த்தேன். கழித்த பிறகு மக்கள் உண்மையில் வாழும் வீடுகள் ஆயிரம் பேருக்கு அயர்லாந்தில் ஏறத்தாழ 365, இங்கிலாந்து–வேல்ஸில் ஏறத்தாழ 416. இடைவெளி 33-இலிருந்து 51-ஆக விரிந்துவிட்டது.

அடுத்து, இருப்பை விட்டுவிட்டுக் கூடுதலைப் பார்ப்போம். இங்கிலாந்து–வேல்ஸில் 2011-க்கும் 2021-க்கும் இடையே மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம் கூடியது, வீடுகள் 2.44 கோடியிலிருந்து 2.64 கோடியாக, அதாவது 20 லட்சம் கூடின. கூடுதலாக வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதலாக வந்தவர்கள் 1.8 பேருக்குச் சற்றுக் குறைவு. அயர்லாந்தில் 2011-க்கும் 2022-க்கும் இடையே மக்கள்தொகை 45,88,252-இலிருந்து 5,60,887 கூடியது. வீடுகள் 19,94,845-இலிருந்து 1,17,276 மட்டுமே கூடின. ஒரு வீட்டுக்கு 4.8 பேர். அதிலும் 2011-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் 1,73,613 பேர் கூடியபோது கூடிய வீடுகள் வெறும் 8,800. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 20 பேர். இருப்புக் கணக்கில் 443-க்கு 410 என்று மென்மையாகத் தெரிந்த வேறுபாடு, கூடுதல் கணக்கில் இப்படி முகத்தில் அறைகிறது.

ஆனால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 என்பது அயர்லாந்துக்கு எப்படிப்பட்ட ஆண்டு? முந்தைய பெருக்கத்தில் அளவுக்கு மீறிக் கட்டிவிட்டு, 2010-இல் 2,846 குடியிருப்புத் திட்டங்கள் முடிவு பெறாமல் நின்றிருந்த நாடு அது. 2011 கணக்கெடுப்பில் விடுமுறை வீடுகள் நீங்கலாகவே 2.3 லட்சம் வீடுகள் காலி. 2022-க்குள் அவற்றில் 63,000-க்கு மேற்பட்டவற்றில் ஆள் குடியேறிவிட்டார்கள் என்றே நிகரக் கணக்கு காட்டுகிறது. சராசரிக் குடும்ப அளவான 2.74-ஆல் வகுத்தால் கூடுதலான 5.6 லட்சம் பேருக்குத் தேவைப்பட்டவை ஏறத்தாழ 2,05,000 வீடுகள். புதிதாகக் கூடிய 1,17,000-உம் காலியிலிருந்து வந்த 63,000-உம் சேர்ந்தால் 1,80,000. ஆக உண்மையான பற்றாக்குறை ஏறத்தாழ 25,000 வீடுகள் என்று தெரிகிறது. ஒரு வீட்டுக்கு 4.8 பேர் என்ற எண்ணின் கடுமையில் பெரும்பகுதி, தொடக்க ஆண்டு எப்படி அமைந்தது என்பதால் வந்தது. எந்த ஒப்பீட்டிலும் தொடக்க ஆண்டை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்; முடிவு நிலைத்து நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொரு மடிப்பும் உண்டு. அந்தக் காலி வீடுகள் இருந்த இடமும் வேலை இருந்த இடமும் ஒன்றல்ல. லீட்ரிம், லாங்ஃபோர்டு போன்ற மாவட்டங்களில் பூட்டிக் கிடந்த வீடு டப்ளினில் வேலை கிடைத்தவருக்கு உதவாது. நாட்டளவில் 25,000 என்று வரும் பற்றாக்குறை தலைநகரில் இன்னும் பெரிதாகவும் சில மாவட்டங்களில் எதிர்க்குறியோடும் இருக்கலாம்.

குடும்ப அளவு என்னும் பொறி

மேலே நான் 2.74-ஆல் வகுத்தேன். அதுவே ஒரு கைத்தந்திரம் என்று கவனமான வாசகர் சொல்லக்கூடும், சொன்னால் சரிதான். வீடு கிடைக்காததால் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிடும் இளைஞர்களால் சராசரிக் குடும்ப அளவு பெரிதாகிறது. அந்தப் பெரிதான அளவால் வகுத்தால் தேவை குறைவாகத் தெரியும். பற்றாக்குறையே பற்றாக்குறையை மறைத்துவிடுகிறது.

எல்லை தாண்டியதும் இது எவ்வளவு மாறும் என்பதற்கு ஸ்பெயினும் பிரான்சும் சான்று. ஸ்பெயினில் இளைஞர் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது 30-ஐ ஒட்டி இருக்கிறது. பிரான்சில் அது 23, 24. இதில் பண்பாட்டுக்கும் வேலையின்மைக்கும் பங்கு உண்டு என்றாலும், வீட்டுச் செலவை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆகவே ஒவ்வொரு நாட்டின் இன்றைய குடும்ப அளவால் ஒரு முறையும், பத்தாண்டுக்கு முந்தைய குடும்ப அளவால் ஒரு முறையும், அண்டை நாட்டின் குடும்ப அளவால் ஒரு முறையும் தேவையைக் கணக்கிட்டு, கிடைக்கும் வீச்சை அப்படியே எழுதுங்கள். அயர்லாந்தின் 2.74-க்கும் இங்கிலாந்து–வேல்ஸின் 2.4-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் அயர்லாந்தில் குழந்தைகளின் பங்கு கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம். மொத்த மக்கள்தொகைக்குப் பதில் 20 வயதைக் கடந்தவர்களை மட்டும் கொண்டு கணக்குப் போட்டால் அந்தக் காரணத்தின் கனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

காலி வீடுகளின் எண்ணைச் சந்தேகத்தோடு தொடுங்கள்

காலி வீடு பற்றிய புள்ளிவிவரம் போல அரசியல் மேடைகளில் தவறாகப் பயன்படும் எண் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. ஸ்பெயின் 2011-இல் கணக்கெடுப்பின் வழியாக 34 லட்சம் காலி வீடுகளைக் கண்டது. 2021-இல் மின் நுகர்வை வைத்து 38 லட்சம் என்றது. இவை இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் பத்தாண்டில் நான்கு லட்சம் கூடிவிட்டது என்று படிக்கக் கூடாது. பிரான்சில் வீடுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு முதன்மை வீடுகள், 10 விழுக்காடு இரண்டாம் வீடுகள், 8 விழுக்காடு காலி என்று பிரித்து வெளியிடுகிறார்கள். மலேசியாவில் பேசப்படும் “விற்காத வீடுகள்” என்பது கட்டி முடித்துச் சான்றிதழும் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் கடந்தும் விலைபோகாதவை. ஒருவர் வாங்கிப் பூட்டி வைத்த வீடு அதில் வராது. விற்பனைக்கும் வாடகைக்கும் இடையில் சில வாரம் காலியாக இருப்பது எந்தச் சந்தையிலும் இயல்பு. ஆறு மாதத்துக்கு மேல், முடிந்தால் ஓர் ஆண்டுக்கு மேல், காலியாக இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தால் ஒப்பிடுங்கள்; முடியாவிட்டால் அந்த வரியை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.

கட்டுபடியாகுமா: நாணயத்தை மாற்றாதீர்கள்

விலைகளை ஒரே நாணயத்துக்கு மாற்றிப் போடும் ஆசை இயல்பானது. ஆனால் வீடு எல்லை தாண்டி விற்கப்படும் சரக்கு அல்ல. வாங்குபவரின் சம்பளமும் அதே நாணயத்தில்தான் வருகிறது. மாற்று விகிதம் ஓர் ஆண்டில் பத்து விழுக்காடு அசைந்தால், இரு நாட்டிலும் ஒரு செங்கல்கூட அசையாமலே ஒரு நாடு “மலிவாகிவிடும்”. ஒவ்வொரு நாட்டின் விலையையும் அந்நாட்டின் வருமானத்தாலேயே வகுத்தால் நாணயம் தானாக நீங்கிவிடுகிறது.

வகுக்கும் வருமானம் எது என்பதில்தான் சிக்கல். இங்கிலாந்தின் அதிகாரபூர்வ விகிதம் 2024-இல் 7.7: இடைநிலை வீட்டு விலை (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 2,90,000 பவுண்டு, முழுநேர ஊழியர் ஒருவரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 37,600 பவுண்டு. இது தனிநபர் சம்பளம். அதே வீட்டை, ஒருவர் முழுநேரமும் மற்றவர் அரைநேரமும் வேலை செய்து ஒன்றரைச் சம்பளம் ஈட்டும் தம்பதி வாங்கினால் விகிதம் 5.1 ஆகிறது. பல பன்னாட்டு ஒப்பீடுகள் குடும்ப வருமானத்தையே கொள்கின்றன. ஒரு பக்கம் 7.7-ஐயும் மறுபக்கம் குடும்ப வருமானத்தால் வகுத்த எண்ணையும் வைப்பது அண்டை நாட்டு ஒப்பீடுகளில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. வரிக்கு முன்பா, வரி போகவா என்பதையும் இரு பக்கமும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். சராசரியைத் தவிர்த்து இடைநிலை மதிப்பையே எடுங்கள். மிகப் பெரிய மாளிகைகளும் மிகப் பெரிய சம்பளங்களும் சராசரியை இழுத்துவிடும்.

விலை–வருமான விகிதம் பாதி உண்மையைத்தான் சொல்லும். கடன் வாங்கி வீடு வாங்குபவர் சுமப்பது மாதத் தவணையை. 1,00,000 கடனை 30 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 3 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 422. 6 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 600. விலையும் வருமானமும் ஒன்றாகவே இருந்தும் சுமை 42 விழுக்காடு கூடிவிட்டது. அதே 6 விழுக்காட்டில் காலம் 25 ஆண்டுகளாகச் சுருங்கினால் தவணை 644. அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கு மாறாத வட்டியில் கடன் கிடைப்பது வழக்கம்; கனடாவில் 25 ஆண்டுகளில் தீரும்படி கணக்கிட்டு, வட்டியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம். ஆகவே வட்டி ஏறும் காலத்தில் கனடாவில் பழைய கடன்காரரும் அடிபடுகிறார். அமெரிக்காவில் பழைய கடன்காரர் தப்பிக்கிறார், ஆனால் மலிவான வட்டியை இழக்க மனமின்றி வீட்டை விற்காமல் இருந்துவிடுவதால் சந்தைக்கு வரும் வீடுகள் குறைகின்றன. விகிதம் ஒன்றாக இருந்தும் இரு நாட்டு அனுபவம் வேறாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கடன் விதிகளையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் முதல் வீடு வாங்குபவர் பொதுவாக ஆண்டு வருமானத்தின் நான்கு மடங்கு வரை கடன் பெறலாம். 2023-க்கு முன் அது மூன்றரை மடங்கு. பிரிட்டனில் நான்கரை மடங்கும் அதற்கு மேலும் உள்ள கடன்கள் மொத்தப் புதிய கடன்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2014-இல் வந்தது. விதி இறுக்கமான நாட்டில் விலை அடங்கியிருப்பதுபோல் தெரியும். ஆனால் வாங்க முடியாதவர்கள் வாடகைச் சந்தையில் போய் நிற்பார்கள்.

வாடகையும் விலையும்: எதை எதோடு

வாடகையில் முதலில் பார்க்க வேண்டியது, எண் எந்த வாடகையைச் சொல்கிறது என்பது. விளம்பரத் தளங்களில் கேட்கப்படும் வாடகை, புதிய ஒப்பந்த வாடகை, நடப்பில் உள்ள எல்லா ஒப்பந்தங்களின் வாடகை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகலாம். அயர்லாந்து 2016-இன் இறுதியில் கொண்டுவந்ததுபோல வாடகை உயர்வுக்கு வரம்பு வைத்த இடங்களில், பழைய வாடகைதாரருக்கும் புதியவருக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். இன்று வீடு தேடுபவரைப் பற்றிய கேள்வி என்றால் புதிய ஒப்பந்த வாடகையே சரி.

சுமை அளவுகோல்களும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம் கைக்கு வரும் வருமானத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவழித்தால் மிகைச்சுமை என்கிறது. அமெரிக்கா வரிக்கு முந்தைய வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டினால் சுமை என்கிறது. கனடாவும் அதே 30-ஐ வைத்தாலும் அதன் “அடிப்படைத் தேவை” என்ற வகையில் சேர, அதே ஊரில் தகுந்த வேறு வீட்டுக்குப் போகவும் வசதியில்லாதவராக இருக்க வேண்டும். நல்ல சம்பளத்தோடு நகர நடுவில் விரும்பிச் செலவழிப்பவர் அமெரிக்கக் கணக்கில் விழுவார். கனடாக் கணக்கில் விழமாட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்து அமெரிக்காவில் நிலை மோசம் என்று எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

விலையில் வாங்கப்படும் உரிமை என்ன என்பதையும் பாருங்கள். சிங்கப்பூரில் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அரசின் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகக் கட்டடங்களில் வாழ்கிறார்கள். அந்த வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுபவை. செய்திகளில் அடிபடும் தனியார் கூட்டுரிமை வீட்டு விலை சிறுபான்மையினரின் சந்தையைச் சொல்கிறது. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் நிரந்தர உரிமையோடு கிடைக்கும் வீட்டின் விலையை, குத்தகையில் பாதி கழிந்த வீட்டின் விலையோடு வைத்தால் கிடைக்கும் வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. பரப்பளவிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஜெர்மனியில் பால்கனியின் பரப்பில் வழக்கமாகக் கால் பங்கு குடியிருப்புப் பரப்பில் சேரும், வேறு நாடுகளில் சேராமலும் போகலாம்.

விலைக் குறியீட்டெண்களைப் பற்றி ஒரே ஒரு சொல்: 2015-ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்துத் தொடங்கும் இரு வரைகோடுகள் எது எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை மட்டுமே சொல்லும், எது விலை உயர்ந்தது என்பதை ஒருபோதும் சொல்லாது.

எல்லை சுவர் அல்ல

அண்டை நாடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. அவை ஒன்றையொன்று பாதிக்கின்றன. அயர்லாந்தும் பிரிட்டனும் பொதுப் பயண உடன்பாட்டால் இணைந்தவை. ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் ஒருவர் நாட்டில் மற்றவர் போய் வாழலாம், வேலை செய்யலாம். ஓரிடத்தில் கட்டுமானம் படுத்தால் கொத்தனாரும் மின்பணியாளரும் மறுபக்கம் போய்விடுகிறார்கள். வீட்டுத் தேவையும் அவர்களோடு போகிறது. 2018-இல் நியூசிலாந்து வெளிநாட்டவர் பழைய வீடுகள் வாங்குவதைத் தடைசெய்தபோதும் ஆஸ்திரேலியருக்கும் சிங்கப்பூரருக்கும் விலக்கு இருந்தது. ஆகவே ஒரு நாட்டை மாற்றமில்லாத அளவுகோலாக வைத்து மற்றதன் கொள்கையின் பயனை அளப்பது கடினம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். 2016-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த நகரத் திட்டம் பெரும்பாலான குடியிருப்பு நிலத்தில் கூடுதல் அடர்த்திக்கு வழிவிட்டது. நாடு முழுவதும் அனுமதி பெற்ற வீடுகள் 2022-இல் ஆண்டுக்கு 51,000-ஐத் தொட்டன. ஏறத்தாழ 51 லட்சம் மக்களுக்கு அது ஆயிரத்துக்குப் பத்து. திட்டத்தின் வெற்றி என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் அதே காலத்தில் வட்டி வரலாறு காணாத தாழ்வில் இருந்தது. வட்டி ஏறியதும் 2024-இல் அனுமதிகள் 34,000-ஐ ஒட்டி இறங்கின. திட்டத்துக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று பிரிக்க, அதே வட்டியில் இயங்கிய ஆனால் நிலவிதி மாறாத பகுதிகளை அதே நாட்டுக்குள்ளேயே பார்ப்பது, கடலைத் தாண்டி சிட்னியைப் பார்ப்பதைவிடத் தெளிவான விடை தரும்.

எழுதும்போது

முடிவை எழுதும் வாக்கியத்திலேயே ஆண்டையும் அளவுகோலையும் விலக்குகளையும் வைத்துவிடுங்கள்; அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. மேலே போட்ட கணக்கை நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: “2011-க்கும் 2022-க்கும் இடையே அயர்லாந்தில் கூடிய ஒவ்வொரு வீட்டுக்கும் மக்கள்தொகை 4.8 பேர் கூடியது. 2021 வரையிலான பத்தாண்டில் இங்கிலாந்து–வேல்ஸில் அது 1.8 பேர். அயர்லாந்தின் எண், முந்தைய பெருக்கத்தில் மிஞ்சிய 63,000 காலி வீடுகள் நிரம்பியதைக் கணக்கில் கொள்ளவில்லை. அவற்றையும் சேர்த்தால் அது 3.1 பேர். இங்கிலாந்து–வேல்ஸின் கணக்கெடுப்பு பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது எடுக்கப்பட்டது.” படிக்கக் கரடுமுரடாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டச் சொல்வார். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.